எந்தக் கை

பட்டனை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று ஐந்து நாளாகியும் நஞ்சப்பனுக்கு முடிவாகவில்லை. வலது கையில் வைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. இடது கையில் வைத்தால் கட்டைவிரல் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீள ஒயரின் முனையில் பாக்குக்கொட்டை அளவில் ஒரு சிவப்புப் பட்டன், அவ்வளவுதான் சாமான். அமுக்கினால் வெளியே நர்சுகள் இருக்கும் இடத்தில் மணி அடிக்கும், மேலே மூலையில் தொங்குகிற காமிராவின் படத்தில் ஒரு அடையாளம் விழும். பச்சைக் குழந்தைகூடச் செய்துவிடும். மணி ஒன்றே முக்கால். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகள் கோகிலவாணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளைத் துணிக்கட்டு. கட்டுக்குள்ளிருந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக இருபத்துச் சொச்சம் ஒயர்கள் கிளம்பி, சடை மாதிரி முதுகில் இறங்கி, ஒரு பெட்டிக்குள் போயின. முப்பத்தெட்டு வயசு. முதல் நாள் அந்தப் பசையை வைத்து ஒயரை ஒட்டும்போது, "கல்யாணத்துக்குக்கூட இத்தனை ஜோடனை பண்ணலீங்கப்பா" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளுக்கும் தெரியும், அவர் சிரிக்க மாட்டார் என்று. நாளைக் காலை எட்டு மணிக்குக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஆள் தாராபுரத்திலிருந்து வருகிறதாம், நாலு மாசமாகக் காத்திருக்கிறதாம். அதற்குள் வாணிக்கு வலிப்பு வர வேண்டும். வர வேண்டும். மனசுக்குள் சொல்லும்போதே நாக்கு கசந்தது. மாத்திரையை முதல் நாள் பாதியாக்கி, மூன்றாம் நாள் அடியோடு நிறுத்திவிட்டார்கள், வரட்டும் என்று. தூங்கவிடாமல் பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்கள், வரட்டும் என்று. இருபத்தஞ்சு வருஷமாக வரக்கூடாது வரக்கூடாது என்று மருதமலைப் படியெல்லாம் முட்டி தேய ஏறின ஆள், இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து வா வா என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். சாமி எதை எடுத்துக்கொள்ளும்? முந்தைய மனுவையா, பிந்தைய மனுவையா?

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. அந்த இரும்பு அங்கே இல்லை. முந்தாநாள் நர்ஸ் பர்வீன் வாங்கிக் கட்டிலோரத்து டிராயருக்குள் போட்டுவிட்டாள். பழக்கதோஷம், கை போய்விடுகிறது. ஆறு அங்குல நீளம், பெருவிரல் கனம். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த காலத்தில் அவரே கடைந்தது. முதல் தடவை வலிப்பு வந்ததும் அந்தப் பட்டறையில்தான். பதிமூணு வயசு. பள்ளிக்கூடம் விட்டுத் தூக்குப்போசியோடு வந்தவள் மிஷின் பக்கத்தில் நின்று என்னமோ சொல்ல வந்தாள், வார்த்தை வரவில்லை, வாய் மட்டும் எதையோ மென்றது, பிறகு விழுந்தாள். சாம்பார் தரையெல்லாம். "இரும்பு குடு, கையில இரும்பு குடு" என்று யாரோ கத்தினார்கள். மிஷினில் செருகியிருந்த சக்குச் சாவியை, கம்பியைக் கவ்விப் பிடிக்கிற சக்கை முடுக்கும் இரும்பை, பிடுங்கி அவள் கையில் திணித்து அவர் தன் ரெண்டு கையாலும் இறுக்கி மூடினார். வலது கையில். நல்ல கை அதுதானே. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நின்றுவிட்டதா இல்லையா? நின்றது. கண்ணால் பார்த்ததை யார் இல்லை என்று சொல்வது. அன்றைக்கு ராத்திரியே, இல்லை மறுநாள் காலையில், நல்ல கம்பியாக ஒன்று எடுத்து முனை ரெண்டையும் உருட்டி, வியர்வையில் வழுக்காமல் இருக்க மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு வெட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். அந்த மாதிரி வேலை கோயமுத்தூரில் நாலு பேர்தான் செய்வார்கள். அதற்கப்புறம் அது அவள் புத்தகப் பையில், தலையணைக்கு அடியில், கல்யாணத்தில் சீரோடு சீராகப் பட்டுச்சேலை மடிப்பில். வலிப்பு வரும், அவர் ஓடுவார், வலது கையில் இரும்பைக் கொடுத்து மூடுவார், தோளில் கிடக்கிற துண்டை முகத்தின் மேல் போடுவார், உடனே திரும்பிக் கதவைப் பார்ப்பார். யாராவது வருகிறார்களா. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா. அடங்குகிற வரைக்கும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவள் எழுந்து, நாக்குக் கடித்த இடம் எரியுது என்பாள், தலை கனக்குது என்பாள், மணிக்கட்டு குடையுதுங்கப்பா என்பாள். "படுத்த வாக்குல மடங்கியிருக்கும், தைலம் தேச்சுக்க" என்பார். அவள் உள்ளங்கையில் கட்டம் கட்டமாக இரும்பின் அச்சுப் பதிந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் மறைந்துவிடும். அது மறைந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி சோறு தின்பார்கள்.

"ஏனுங்கப்பா, பட்டனைப் புடிச்சுட்டே தூங்கறீங்களா?" வாணி கேட்டாள். "தூங்கல." "கண்ணு சொக்குது." "நீ தூங்காம இரு. அதுதான் உனக்குச் சொன்னது." "நான் தூங்குனா நீங்க எழுப்பணும், நீங்க தூங்குனா நான் எழுப்பணும். நல்ல டூட்டி போங்க." அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்க் கட்டிடத்து மாடியில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள், அதில் ஒரு காக்கை. போர்வையைப் பார்த்ததும் அவருக்குத் திரும்ப அந்தச் சங்கதி. நினைக்கக்கூடாது என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். வந்த அன்றைக்கே டாக்டர் மங்கையர்க்கரசி கேட்டார், சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, பொறுமையான பேச்சு. "எப்படி ஆரம்பிக்கும், அய்யா?" "வலிப்பு வருங்க." "அது சரிங்க. முதல்ல என்ன ஆகும்? எந்தக் கை முறுக்கும்?" அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "இத்தனை வருசம் கூட இருந்து பாத்தது நீங்கதானே. அவங்களுக்கு நினைவு இருக்காது. எந்தக் கை?" "ரெண்டுந்தானுங்க" என்றார். பொய். பொய்கூட இல்லை, தெரியாது. லேத்து சுற்றும்போது காதை வைத்துக் கேட்டே எந்தப் பேரிங்கு போச்சு என்று சொல்லிவிடுவார். தலைமயிரில் பாதி அளவு கோணல் இருந்தால் கண்ணாலேயே பிடித்துவிடுவார், அளவுக் கருவியே வேண்டாம். பம்புக் கம்பெனிக்காரர்கள் காரை அனுப்பிக் கூட்டிப்போவார்கள், நஞ்சப்பண்ணன் வந்து பார்க்கட்டும் என்று. பெற்ற பெண்ணுக்கு எந்தக் கை முறுக்குகிறது என்று தெரியவில்லை. டாக்டர் காகிதத்தில் ஒரு தலையை வரைந்து காட்டினார். "மூளையில ஒரு சின்ன இடத்துல இருந்துதான் இது கிளம்புதுன்னு நினைக்கிறோம். ஸ்கேன்ல வலது பக்கம் தழும்பு மாதிரி லேசா தெரியுது. ஆனா உறுதி இல்லை. வலது மூளைன்னா இடது கை முறுக்கணும். இடது மூளைன்னா வலது கை. ஒயர், ஸ்கேன், கை மூணும் ஒண்ணா ஒரே பக்கத்தைக் காட்டினாத்தான் ஆப்பரேஷன் பத்தி நாங்க பேசவே முடியும்." பிறகு சொல்லிக்கொடுத்தார்கள், ஸ்கூல் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. வந்ததும் பட்டனை அமுக்கணும். போர்வையை விலக்கணும். குறுக்கே நிக்கக்கூடாது. கையைப் பிடிக்கக்கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அஞ்சே காரியம். சரிங்க சரிங்க என்று தலையாட்டினார். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வந்தது. அவர் செய்தது என்ன? பட்டன் எங்கே போனது என்றே தெரியவில்லை. கட்டிலுக்குப் பாய்ந்தார், பையிலிருந்து இரும்பை எடுத்தார், வலது கையில் கொடுத்து மூடினார், போர்வையை இழுத்துத் தலையோடு போர்த்தினார், குனிந்து அவளை மறைத்து நின்றுகொண்டு கதவைப் பார்த்தார். கதவைத்தான் பார்த்தார்! ஆஸ்பத்திரியில், யாருக்கு மறைக்கிறாய் கிழட்டுப்பயலே, அவர்கள் பார்க்கத்தானே கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திரையில் ஒயர்க் கோடுகள் தாறுமாறாகத் துள்ளுவதைப் பார்த்துப் பர்வீன் தானாக ஓடி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சாயங்காலம் டாக்டர் அவரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். படம் முழுக்க ஒரு முதுகு. வெள்ளைச் சட்டை, இடுப்பில் தளர்ந்த வேட்டி, பின்னந்தலையில் வழுக்கை. அவ்வளவுதான். முதுகுக்குக் கீழே போர்வை ஆடுகிறது. "ஒயர்ப் பதிவு உதறல்ல ரெண்டு பக்கமும் கலங்கிப்போயிருக்கு. கைதான் சொல்லணும். ஆனா இதுல நீங்க மட்டுந்தான் தெரியறீங்க, அய்யா" என்றார் டாக்டர். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ரெண்டு வார்த்தை சத்தம் போட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் இருபது செகண்டு ஓடுகிறது படம். அவ்வளவு நேரமும் அந்த முதுகு நகரவில்லை.

அந்த முதுகைத்தான் அவள் பார்த்து வளர்ந்தாள் போல. வலிப்பில் அவளுக்கு நினைவில்லை, சரி. மற்ற நேரத்தில்? கல்யாணப் பேச்சு வந்தபோது உடுமலைக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, சமையல்கட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மாத்திரைச் சீட்டையெல்லாம் பரணில் போட்டார். "அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதே கண்ணு, மாத்திரையைப் பவுடர் டப்பாக்குள்ள வெச்சுக்க." வைத்துக்கொண்டாள். பவுடர் டப்பாவை எல்லோர் முன்னாலும் எத்தனை தடவை திறப்பது. ஒரு நாள் விட்டாள், ரெண்டு நாள் விட்டாள். ஏழாவது மாசம் அவர்கள் வீட்டு அடுப்பங்கரையில் விழுந்து முழங்கை வெந்து, ஒரு பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். "நோவுன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்போமுங்க. மறைச்சுட்டீங்களே" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். அந்த ஆள் நல்ல மனுஷன்தான். இல்லை, நல்ல மனுஷன் இல்லை, வாசலிலேயே நின்று பேசினான். போகட்டும். கல்யாணம் போனது போகட்டும். அந்த இன்னொரு சீட்டு. அதை என்ன செய்வது? பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் இலவச முகாம். பார்த்த டாக்டர் அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு அவரிடம் சொன்னார். "மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்துட்டே இருக்கறதுல புண்ணியமில்லீங்க. இதுக்குன்னு தனியா சோதனை இருக்குது. செஞ்சு பாத்தா, ஒருவேளை அறுவை பண்ணி நிறுத்திடலாம். எழுதித் தர்றேன், கூட்டிட்டுப் போங்க." எழுதிக் கொடுத்தார். தலையைத் திறப்பதா. அவர் அதை நாலாக மடித்தார். வாணி எடை பார்த்துவிட்டு வந்து, "என்ன எழுதியிருக்காங்கப்பா?" என்றாள். "சத்து மாத்திரை" என்றார். பட்டறை டிராயரில் அளவுக் கருவிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். கிழித்துப் போடவில்லை, அதைக் கவனிக்க வேண்டும், கிழிக்கவில்லை, என்றைக்காவது கூட்டிப்போகலாம் என்றுதான். யாரிடம் சொல்கிறார் இதை? பயம் அவள் தலைக்கா, தன் தலைக்கா? தலையைத் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், பொட்டுத்துணி போட்டு மூட முடியாது. அதுதானே. சம்சாரத்துக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். அவளிடமும் சொல்லவில்லையே, அவள் சாகும்வரை. போன ஆடியில் பட்டறையைக் காலி பண்ணும்போது டிராயரைத் துடைக்கிறேன் என்று வாணிதான் உட்கார்ந்தாள். எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தைப் பிரித்தாள். படித்தாள். "இது என்னதுங்கப்பா?" "பழைய சீட்டு." "பேரு என்னுதா இருக்குது." அவர் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவள் தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் உதடு அசைந்தது. சத்தம் போடுவாள் என்று காத்திருந்தார். போடவில்லை. அடுத்த வாரம் தானே பஸ் ஏறி, அந்தக் காகிதத்தோடு இங்கே வந்து விசாரித்து, நாள் வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னாள். "துணைக்கு ஒரு ஆளு வேணுமாமாங்கப்பா. நீங்க வர்றீங்களா, இல்ல நான் ஆளைப் பாக்கட்டுமா?" பதினோரு வருஷம். இருபத்தேழில் செய்திருந்தால். இருபத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் என்னவெல்லாம் இருந்திருக்கும், ஒரு வேலை, ஒரு வண்டி ஓட்டுவது, தனியாக ஒரு சினிமா, ஒரு குழந்தைகூட. அவள் குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டதில்லை இன்றுவரை. அவர்தான் தாழ்ப்பாளைக் கழற்றினார்.

மணி மூன்றே கால். ரெண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார்கள். ஒரு கையால் குடித்தார், மறு கையில் பட்டன். "எனக்குப் பயமா இருக்குது" என்றாள் வாணி. அவர் நிமிர்ந்தார். "எதுக்கு?" "வராமப் போயிருமோன்னு." கொஞ்சம் சிரித்தாள். "வீட்டுல மாசத்துக்கு நாலு வரும். இங்க வரச்சொன்னா, விருந்தாளி மாதிரி பிகு பண்ணுது." "வரும்." "வந்தா நீங்க..." அவள் முடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது. "மறைக்க மாட்டேன்" என்றார். "நான் அதைச் சொல்லலீங்கப்பா." "வேறென்ன?" "என்னையப் பாருங்க. அது மட்டும்." பர்வீன் உள்ளே வந்து துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து ஒரு ஒயரை அழுத்தினாள். "என்னங்கய்யா, ரெடியா? இன்னைக்கும் முதுகைக் காட்டுனீங்கன்னா, உங்க தலைல ஒயரை ஒட்டிருவேன்." "நீ போம்மா" என்றார். "அந்த இரும்பை எடுத்துட்டீங்களா டிராயர்ல இருந்து?" "இல்ல." "அதால ஒண்ணும் நிக்கறதில்லீங்கய்யா. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்கு நிக்கும். நீங்க குடுக்கறப்ப நிக்கற நேரம் ஆயிருக்கும், அவ்வளவுதான்." போய்விட்டாள். லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அது பாட்டுக்கு நிற்கும் என்று. அப்படியானால் இருபத்தஞ்சு வருஷம் அந்தக் கை மூடியது என்னத்துக்கு? அவர் பிடித்த பிடியில் ஒரு தடவை அவள் சுண்டுவிரல் நகம் பெயர்ந்தது. அது பாட்டுக்கு நின்றிருக்கும். எதிர் மாடியில் போர்வையை எடுத்துவிட்டார்கள். காக்கை கம்பியில் உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்து சாம்பல் நிறம். பட்டறைத் தரையும் அந்த நிறந்தான், எத்தனை கழுவினாலும். இப்போது அங்கே செல்போன் கடை போடப்போகிறார்களாம். வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. முன் சக்கரம், இடப் பக்கம், எண்ணெய் இல்லை. இதெல்லாம் காதில் விழுகிறது. வாணி ஏன் பேசவில்லை? டீ டம்ளரை வைத்தாளா? டம்ளர் சாய்ந்து போர்வையில் டீ பரவுகிறது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கும் இந்தப் பக்கம் எதையோ பார்க்கிறாள். வாய் மெல்லுகிறது.

எழுந்தார். கட்டைவிரல் அமுக்கியது. வெளியே மணி. கால் கட்டிலுக்குப் போகிறது, போகாதே. கை தோளுக்குப் போகிறது, துண்டு இருக்கிறது, துண்டை எடுக்காதே. போர்வை, விலக்கு. விலக்கினார். டீயோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துத் தரையில் எறிந்தார். பின்னால் போ. இன்னும். முதுகு சுவரில் இடித்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது, கழுத்து அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது, யார் வருகிறார்கள், யார், திரும்பாதே. "வாணி" என்று கூப்பிட்டார். "வாணி. கண்ணு. வாணி." குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் வலது கை, அவர் இரும்பு கொடுக்கிற கை, மடியில் எதையோ பொறுக்குகிற மாதிரி, சேலை நுனியைத் தேடுகிற மாதிரி மெதுவாக அலைந்தது. அது சும்மா அலைகிறது. முறுக்கவில்லை. பிறகுதான் மற்றதைப் பார்த்தார். இடது கை. கட்டிலோரத்தில், அவர் எப்போதும் முதுகு காட்டுகிற பக்கத்தில். அது முழங்கையில் விறைத்து நீண்டு, மணிக்கட்டு உள்பக்கமாகத் திருகி, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டன. சக்கில் மாட்டாத கம்பியை யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி. இன்னும் திருகியது. இவ்வளவு திருகுமா ஒரு கை. பர்வீன் உள்ளே வந்து தள்ளி நின்று, "வாணி, ரெண்டு கையையும் தூக்குங்க பாக்கலாம்" என்றாள் சத்தமாக. வலது கை கொஞ்சம் எழுந்தது. இடது எழவில்லை. "இடது" என்றார் நஞ்சப்பன். "இடது கைம்மா. இடது." "தெரியுதுங்கய்யா. பதிவாகுது. நீங்க பேசாம நில்லுங்க." நின்றார். கண்ணை மூடவில்லை. அப்புறம் உடம்பு முழுக்க உதறல் வந்தது, பர்வீன் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், வாயோரம் துடைத்தாள், இன்னொருத்தி ஆக்சிஜன் கொண்டுவந்தாள். அது பாட்டுக்கு நின்றது. யாரும் எதையும் கொடுக்கவில்லை. அது பாட்டுக்கு நின்றது.

பர்வீன் அவர் கையைத் தொட்டாள். "விடுங்கய்யா, இன்னும் அமுக்கிட்டே இருக்கீங்க." விட்டார். கட்டைவிரலில் வட்டமாக ஒரு பள்ளம். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றாள். "டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாங்க. ஆப்பரேஷன் உண்டா இல்லையான்னு உடனே சொல்லிட மாட்டாங்க. ஆனா கை தெளிவா விழுந்திருச்சு." அவர் தலையாட்டினார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்தில், இடது கைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. காதோரம் ஒரு மச்சம். இருந்ததா இது? வெகு நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் அவர் யார் என்று தெரியாத பார்வை. பிறகு தெரிந்தது.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

நாக்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, எப்போதும் செய்கிறது போல, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்து மெதுவாகச் சுழற்றினாள். எப்போதும் செய்கிறது போல. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிமூணு வயசிலிருந்து, ஒவ்வொரு தடவையும், இதே மணிக்கட்டு. அவளாகவே சொல்லிக்கொண்டாள், தூக்கக் கலக்கத்தில், அவர் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தையில், "படுத்த வாக்குல மடங்கியிருக்கும்."

அவர் அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் அச்சு எதுவும் இல்லை. வழவழப்பாக இருந்தது.

"படுத்த வாக்குல இல்ல, கண்ணு" என்றார்.